சந்தனமேரியின் கறைக் கத்திகள்

மரக்காணம் மீன் மார்க்கெட்டின் வெட்டுக் கொட்டகையில் ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மீன் வெட்டுகிறார்கள். ஐந்தாவது கட்டை சந்தனமேரியுடையது. வயது நாற்பத்து மூன்று. பிறந்தது கிளியனூர்ப் பக்கம், வேர்க்கடலையும் கத்தரிக்காயும் விளைகிற வீட்டில். கல்யாணமாகி வந்த முதல் வாரம், செதில் எடுக்கத் தெரியாமல் ஒரு சங்கரா மீனைத் தோலோடு உரித்துவிட்டாள். அந்தக் கதையை அவள் கணவன் ஆண்ட்ரூஸ் இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்காட்டுவான். இப்போது அவள் கையில் ஐந்து கிலோ வஞ்சிரத்தைக் கொடுத்தால், கொடுத்தவர் பையைப் பிரிப்பதற்குள் துண்டு போட்டு முடித்திருப்பாள்.

கொட்டகையில் அடிக்கடி நடந்தது கத்திச் சண்டை. யாரும் யாரையும் குத்தவில்லை. கத்தி மாறிப்போகும், அவ்வளவுதான். ஆறு கத்திகளும் திண்டிவனத்தில் ஒரே பட்டறையில் பழைய லாரியின் வில்பட்டையைக் காய்ச்சி அடித்தவை. எவர்சில்வர் மாதிரி எப்போதும் பளபளக்கிற ரகமல்ல. கறை பிடிக்கும், துரு ஏறும், ஆனால் கூர் நிற்கும். கைப்பிடியில் பெயின்ட் பூசிப் பார்த்தார்கள், நூல் சுற்றிப் பார்த்தார்கள். மீன் தண்ணீரில் எதுவும் பத்து நாள் தாங்கவில்லை. "அது என் கத்திடீ" என்று முதல் கட்டைக் குப்பம்மாள் தொடங்கினால் மார்க்கெட் வாசல்வரை கேட்கும். பக்கத்துக் கட்டை வேலம்மாளும் விடமாட்டாள்.

போன வருஷம் ஆயுத பூஜையன்று குப்பம்மாள் ஆறு கத்திகளையும் கழுவி அடுக்கி, எலுமிச்சைச் சாற்றில் குங்குமத்தைக் குழைத்துப் பொட்டு வைத்தாள். ஐந்தாவது கத்தி வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏண்டி மேரி, உன்துக்கு வைக்கலாமா? உங்க சாமி கோச்சிக்கமாட்டாரே?"

"கத்திக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆவல அக்கா. வைங்க."

மறுநாள் துடைத்தபோது பொட்டு போய்விட்டது, தடம் போகவில்லை. பொட்டு இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், அதைச் சுற்றி மெல்லிய நீலக் கரை. மற்றவர்கள் செங்கல் தூள் போட்டுத் தேய்த்தார்கள். சந்தனமேரி தேய்க்கவில்லை. அழகாக இருக்கிறது என்று பட்டது; அதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் கத்தி மட்டும் மாறவே இல்லை.

அந்த வருஷம் முழுக்க அவள் சமையலறையில் நடந்ததை ஆண்ட்ரூஸ் முதலில் பைத்தியம் என்றான், பிறகு பழகிக்கொண்டான். வாழைக்காய்த் தோலைத் தேய்த்தால் இரும்பு கறுக்கும். புளி சாம்பல் நிறம் தரும். மீன் ரத்தத்தைக் கழுவாமல் கொஞ்ச நேரம் விட்டால் புறாக் கழுத்து மாதிரி நீலம் ஓடும். ஈர்க்குச்சியை உருக்கிய மெழுகில் தொட்டு இலையோ பூவோ வரைந்து, மேலே புளியைப் பூசினால், மெழுகு இருக்கிற இடம் வெள்ளையாக நிற்கும், மற்ற இடமெல்லாம் மங்கும். மாதா கோயிலில் எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்தித் துண்டுகளை, அங்கே பீடத்து வேலை பார்க்கிற கோயில்பிள்ளையிடம் கேட்டு வாங்கி வந்தாள். தன் கத்தியில் ஒரு கொத்து கறிவேப்பிலை வரைந்தாள். கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் கொட்டகையில் ஐந்து தலைகள் அதன்மேல் குனிந்தன.

"எனக்கும் போட்டுக் குடு," என்றாள் வேலம்மாள். "முல்லைப்பூ."

"எனக்கு மயிலு," என்றாள் பாக்கியலட்சுமி.

குப்பம்மாள் யோசித்தாள். "எனக்குப் பாம்பு போடு. படம் எடுத்த பாம்பு. எவளும் கிட்ட வரக் கூடாது."

ஆறு கத்திகளும் ஒரு நாள் முழுக்கச் சும்மா இருப்பது ஆயுத பூஜையன்றுதான். இந்த வருஷம் காலையில் பூஜை முடிந்ததும் எல்லாவற்றையும் சாக்கில் சுற்றிக் கொடுத்தார்கள். பூஜை போட்ட கத்தியிடம் வேலை வாங்கக் கூடாதே என்று குப்பம்மாள் இழுத்தாள். "வேலை வாங்கல அக்கா, அலங்காரம் பண்றேன்," என்றாள் சந்தனமேரி. குப்பம்மாள் சிரித்துவிட்டு, உடனே விரலை நீட்டினாள்.

"காலைல ஏழு மணிக்குக் கத்தி கைல இருக்கணும். ஞாபகம் வெச்சிக்கோ."

ஞாபகப்படுத்த வேண்டியதே இல்லை. புரட்டாசியில் பாதி ஊர் மீன் தொடாது. அந்த மாதத்தில் வந்த ஒரே பெரிய வேலை மறுநாள் மாதா கோயில் மண்டபத்துக் கல்யாணம். எண்பது கிலோ வஞ்சிரம். ஆறு பேரையும் பேசியிருந்தார்கள். வேறு கத்தி ஒருத்தியிடமும் கிடையாது.

சாயங்காலத்துக்குள் ஆறிலும் மெழுகுக் கோடு முடிந்து, புளியும் பூசியாகிவிட்டது. அக்டோபர் ஜெபமாலை மாதம், தினமும் ஆறு மணிக்குக் கோயிலில் ஜெபம். முக்காடு போட்டுக்கொண்டே ஆண்ட்ரூஸிடம் சொன்னாள்:

"என்னாங்க, அரை மணி கழிச்சி புளியக் கழுவி சாத்தி வெச்சிடுங்க. மெழுகுல கை வெச்சிடாதீங்க. அத நான் காலைல வெந்நீர்ல எடுத்துக்கறேன்."

அவன் உப்பளத்தில் பம்பு ஓட்டுகிறவன், சொன்னதைச் செய்கிறவன். செய்தான். வீட்டில் இரண்டு டிரம். வெள்ளை டிரம்மில் லாரியில் வருகிற நல்ல தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும் மட்டும். நீல டிரம்மில் உப்பளத்தை ஒட்டிய போர் தண்ணீர், நாக்கில் வைத்தால் கரிக்கும். கழுவுகிற வேலை எல்லாம் அதில்தான். இந்தச் சட்டத்தைப் போட்டவளே சந்தனமேரி. ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் கை கழுவியதற்காக அவன் இரண்டு நாள் திட்டு வாங்கியிருக்கிறான். எனவே நீல டிரம்மில் மொண்டு பதமாகக் கழுவி, கத்திகளைச் சுவரோரம் சாய்த்து, மேலே ஈரச் சாக்கையும் போர்த்திவைத்தான். அன்றைக்குக் கடல் காற்றும் கனமாக இருந்தது.

விடியற்காலை ஐந்தரைக்குச் சாக்கை விலக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆறு கத்தியும் செங்கல் நிறம். மெழுகுக் கோடுகளைத் தவிர ஓர் இடம் பாக்கியில்லை.

"எந்தத் தண்ணில கழுவனீங்க?"

"நீலம்தான். வெள்ளைய நான் தொடுவனா?" பெருமையாகச் சொன்ன ஆண்ட்ரூஸ் கிட்டே வந்து பார்த்தான். அவன் முகம் மாறியது. "ஐயையோ. பம்புக்கு மாசம் தவறாம கிரீஸ் வெக்கிறவன் நான். எனக்கு ஏன் தோணல?"

"பொலம்பாதீங்க. அடுப்பப் பத்த வைங்க. மொதல்ல மெழுகாவது வரட்டும்."

செங்கல் தூள் போட்டு ஆறையும் தேய்க்க நேரமில்லை. தேய்த்தால் பாம்பும் மயிலும் சேர்ந்து போகும். அது போனால் போகட்டும். துருப் பிடித்த கத்தியோடு ஐந்து பேரைக் கல்யாண வீட்டில் எப்படி உட்கார வைப்பது? பெரிய பானையில் நல்ல தண்ணீர் ஊற்றினாள். அவசரத்தில் கொஞ்சம் தரையில் சிந்தியது. ஆண்ட்ரூஸ் துணியை எடுத்துத் துடைத்தான். கைப்பிடிகள் மேலே நிற்க, கத்திகளைப் பானைக்குள் இறக்கினாள்.

தண்ணீர் கொதிக்கும்போது குப்பம்மாள் வந்து சேர்ந்தாள், ஒரு மணி நேரம் முன்னதாகவே.

"தூக்கமே வர்ல. பாம்பு எப்டி கீது?" பானையைப் பார்த்தாள். "என்னாடி இது, கத்திய ரசம் வைக்கிற?"

டீ போட்டுக் கொடுத்துப் பேச்சை இழுத்திருக்கலாம். சந்தனமேரிக்கு அது வராது.

"அக்கா, உப்புத் தண்ணி பட்டு துரு ஏறிடுச்சி. ஆறுலயும். என் தப்புதான்."

குப்பம்மாள் ஆண்ட்ரூஸைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஆம்பளைக்கிட்ட கத்தியக் குடுத்துட்டு ஜெபம் பண்ணப் போனியா? அங்க என்னா வேண்டிக்கின?" என்று கேட்டுவிட்டு அடுப்பின் முன்னால் குந்திக்கொண்டாள்.

மெழுகு மேலே மிதந்து வந்தது. அரை மணி கொதித்தபின் குப்பம்மாளே பொறுக்காமல், முந்தானையால் ஒரு கைப்பிடியைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

கத்தி கறுப்பாக இருந்தது. புளியின் மங்கல் சாம்பல் இல்லை, தோசைக்கல் கறுப்பு. சிவப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. அந்தக் கறுப்புக்கு நடுவில், மெழுகு காப்பாற்றிய இடத்தில், வெள்ளி மாதிரி ஒரு பாம்பு படமெடுத்து நின்றது.

சந்தனமேரி ஒவ்வொன்றாக மற்றவற்றையும் எடுத்தாள். மயில், முல்லை, கறிவேப்பிலை, எல்லாம் பளிச்சென்று. துணியால் அழுத்தித் துடைத்தாள். முதலில் கரிபோல் கொஞ்சம் வந்தது. மறுபடி துடைத்தாள், ஒன்றும் வரவில்லை. துரு கொதித்துக் கறுப்பாகிவிட்டது என்று மட்டும் தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை. தேங்காய் எண்ணெய் தடவினாள்.

"உப்புத் தண்ணி ஐடியா என்னுது," என்றான் ஆண்ட்ரூஸ்.

"மூடிக்கினு போய்யா," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

ஆனால் குப்பம்மாள் முழுதாகத் தெளியவில்லை. கோயில் மண்டபத்தின் பின்புறம் ஆறு கட்டைகளும் போட்டு, ஐஸ் பெட்டி திறந்ததும், "யாரும் கை வைக்காதீங்க" என்று மற்றவர்களை நிறுத்தினாள். கறுப்பு மீனில் ஒட்டினால் எண்பது கிலோவும் பாழ். வஞ்சிரத்தின் நடுவில் பாம்பை வைத்து ஒரே இழுப்பு. துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். சதை வெள்ளையாக இருந்தது. விரலால் தேய்த்தாள், மோந்துகூடப் பார்த்தாள்.

"என்னாங்கடி வாயப் பாக்கறீங்க? வெட்டுங்க!"

ஆறு கத்திகளும் ஒன்றாக இறங்கின. இடையில் டீ வந்தபோது எல்லாரும் கத்திகளை ஒரே இடத்தில் குவித்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து அவரவர் கத்தியை எடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் குரலை உயர்த்த வேலையே இல்லை. வேலம்மாளுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம் என்றுகூடத் தோன்றியது.

பத்து மணிக்குக் கல்யாணப் பெண்ணின் சித்தப்பா மேத்யூ, பட்டுச் சட்டையில் மீன் படாமல் ஒதுங்கி நின்று, முல்லைப்பூக் கத்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அம்மா, இத எங்க வாங்கனீங்க? இதாலயே கேக் வெட்டனா போட்டோல சூப்பரா இருக்கும். ஒரு பத்து நிமிஷம் குடுங்களேன்."

"தாராளமா எடுத்துக்கோங்க சார்," என்றாள் குப்பம்மாள். "மாப்ள வாயில வெக்கிற மொத துண்டே வஞ்சிரமா நாறும். பரவால்லயா?"

ஆறு பேரும் சிரித்த சிரிப்பில் மண்டபத்து சமையல்காரர் எட்டிப் பார்த்தார். சந்தனமேரி தலைகுனிந்து சிரித்தபடி, அடுத்த மீனைக் கட்டைக்கு இழுத்தாள்.

"அடுத்த கல்யாணத்துக்குச் சொல்லுங்க," என்றாள் மெதுவாக. "கேக்குக்குன்னே ஒண்ணு போட்டுத் தரேன். என்ன பூ வேணும்னு மட்டும் பொண்ணக் கேட்டு வைங்க."