பிரிக்கக் கூடாத கவர்

பேருந்தில் பக்கத்தில் நிற்பவர் மேல்கம்பியைப் பிடித்தால் நர்ஸம்மா அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. முழங்கையின் உட்பக்கத்தைப் பார்க்கிறார். நரம்பு தடியாகப் புடைத்திருந்தால் முகம் மலர்கிறது. "கண்ணை மூடிக்கிட்டு ஊசி ஏத்தலாம்" என்று மனசுக்குள் மதிப்பெண் போடுகிறார். மெலிந்த நரம்புக்காரர்களிடம் அவருக்கு லேசான மனத்தாங்கல் உண்டு.

ஆனால் சில மாதங்களாக அவர் யாருக்கும் எதையும் ஏற்றியதில்லை. இருபத்திரண்டு ஆண்டு ஊசி போட்ட கை. வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்து, குடும்பம் பெட்டி படுக்கையோடு பக்கத்து மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. எல்லையில் லாரி நின்ற பத்து நிமிடத்தில் அந்தக் கைக்கு எல்லாம் மறந்துபோயிற்று என்பது அரசாங்கத்தின் கருத்து. இங்கே புது லைசென்ஸ் கிடைக்கும்வரை முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. போர்வை மடிக்கலாம், முதுகு தேய்க்கலாம். தலைவலி மாத்திரையைத் தொட்டால் குற்றம்.

பணியில் இருக்கும் நர்ஸ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் கையில் நரம்பைத் தேடி மூன்றாம் முறை குத்தும்போது, இவர் போர்வையும் கையுமாக நின்று தாடையால் வழிகாட்டுவார். "அங்க இல்ல தங்கம், ஒரு விரக்கடை மேல." தாடைக்கு லைசென்ஸ் வேண்டுமென்று சட்டத்தில் இதுவரை இல்லை.

இல்லத்தில் ஒரு நர்ஸ் இடத்தை இவருக்காகவே காலியாக வைத்திருந்தார்கள், மாதக் கடைசி வரை. நிர்வாகியம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒண்ணாம் தேதி வேற ஆளைப் போட்டுடுவேன் சிஸ்டர். என் மேல வருத்தப்படக்கூடாது."

பழைய மாநிலத்து நர்ஸிங் கவுன்சில், இவர் மேல் புகார் ஒன்றுமில்லை என்று எழுதி, அரக்கு வைத்த கவரில் அனுப்பியது. அதைப் பிரிக்காமல் இங்குள்ள கவுன்சிலில் கொடுக்க வேண்டும். எளிய காரியம்தான். ஆனால் பெயர், மருந்து, அளவு என்று மூன்று முறை சரிபார்க்காமல் ஒரு சொட்டு மருந்தையும் கைமாற்றாதவர் நர்ஸம்மா. பிரித்தார். மூன்று முறை படித்தார். எல்லாம் சரி. திருப்தியோடு பசை போட்டு ஒட்டினார்.

"பிரிக்காதேன்னு சிவப்புல கொட்டை எழுத்துல போட்டிருக்காங்களேம்மா!" வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அது கவனமில்லாதவங்களுக்குங்க. உள்ள என்ன இருக்குன்னு பாக்காம எப்படி நீட்டுறது?"

கவுன்சிலில் நான்காம் கவுன்ட்டர் குமாஸ்தா கவரை வெளிச்சத்தில் ஒரேயொரு தடவை திருப்பினார். செல்லாது. மறுபடி விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு. இரண்டாவது கவர் வந்து சேர்ந்தது மாதத்தின் கடைசி நாள் காலையில். தபால்காரரிடமிருந்து வீட்டுக்காரரே பாய்ந்து வாங்கினார். அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மனைவியை இரண்டடி தள்ளியே நடக்கவிட்டு, கவுன்சிலுக்கு அழைத்துப் போனார்.

குமாஸ்தா அரக்கைத் தடவிப் பார்த்தார், கவரைக் கத்தரித்தார், பதிவேட்டில் எழுதினார். புது லைசென்ஸை எடுத்து மேசையில் வைத்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. சீல் குத்தறதுக்கு முன்னாடி பேரு, தேதி எல்லாம் ஒருதடவை பாத்துச் சொல்லிடுங்கம்மா" என்று தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

நர்ஸம்மா ஓரடி பின்வாங்கினார்.

"மொதல்ல நீங்க குத்துங்க சார்" என்று சொல்லி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.