காற்றுக்குப் பொறுப்பானவள்

ராதோய்கா அந்த மீட்டிங்கில் எழுந்து நின்றது ஜன்னலைச் சாத்துவதற்காக. வேறு எதற்காகவும் இல்லை. இதை ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மொராவா ஆற்றங்கரையில் ஒரு பல்கலைக்கழகம், அதில் ஒரு வேதியியல் துறை. ஊர்ப் பெயரைச் சொன்னால் டீன் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார், அதனால் வேண்டாம். அன்று அந்த டீன், "ஆய்வுக்கூடப் பாதுகாப்புக்கு ஒருத்தர் பொறுப்பேத்துக்கணும்னு சட்டம் வந்திருக்கு. யாரு ஏத்துக்கறீங்க?" என்று கேட்டார். பதினெட்டுப் பேரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து வாசல் கதவும் பின்பக்க ஜன்னலும் ஒருசேரத் திறந்துகொள்ள, நடுவே ப்ரொமாயா புகுந்தது. எதிரெதிராக இரண்டு பக்கம் திறந்திருந்தால் இடையில் புகுந்து ஓடுமே, அந்தக் காற்றுதான் ப்ரொமாயா. எங்கள் ஜனங்கள் ஆசிட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அரட்டை அடிப்பார்கள். ப்ரொமாயா என்றால் மட்டும் குலைநடுங்கும். கழுத்து பிடித்துக்கொள்ளும், காது அடைக்கும், சிறுநீரகம் கெட்டுப்போகும் என்று டாக்டருக்குப் படித்தவர்களே சொல்வார்கள்.

ராதோய்கா எழுந்தாள். "ரொம்ப நன்றி" என்றார் டீன். பதினேழு பேர் கைதட்டினார்கள்.

மறுவாரமே ஆய்வுக்கூடக் கதவில் பித்தளைப் பலகை ஏறியது: பாதுகாப்புப் பொறுப்பாளர், ராதோய்கா. குடுவை கழுவி, கரைசல் கலந்து, கணக்காக எடுத்து வைத்துக்கொண்டு பதினேழு வருடம் பெயரில்லாமல் இருந்தவள். திட்டிக்கொண்டேதான் இருந்தாள், ஆனால் தினமும் காலையில் அந்தப் பலகையை எலுமிச்சைத் தோலால் துடைக்காமல் உள்ளே போக மாட்டாள். சுவரில் பதினான்கு அறிவிப்புகள் ஒட்டினாள். ஆய்வுக்கூடத்தில் புரெக், அதுதான் இறைச்சி அடைத்த அப்பம், சாப்பிடக் கூடாது. காபி கூடாது. ரக்கியாச் சாராயம் கூடவே கூடாது, புரொபசர் வீட்டுப் புனிதர் நாளானாலும் கூடாது. ஆய்வுக்கூடத் தலைவர் புரொபசர் ஸ்வெதோசார் அதைப் படித்துவிட்டு, "இது என்னைத்தான் சொல்லுது" என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் நெவேனா வந்து சேர்ந்தாள். முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்த பெண். ஒல்லி, சிரிப்பு, குளிர்காலத்திலும் இடுப்புக்கு மேலே நிற்கும் குட்டைச் சட்டை. அவளுக்குக் கொடுத்த இடம் கூண்டுக்கு நேர் முன்னால். கூண்டு என்றால் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய பெட்டி. நச்சுப் புகை வரும் வேலையையெல்லாம் அதற்குள்தான் செய்ய வேண்டும், மேலே இருக்கும் மின்விசிறி புகையை இழுத்துக் கூரைக்கு வெளியே தள்ளிவிடும். புகையை மட்டுமா இழுக்கும்? கதவிடுக்கில் கிளம்பும் காற்று நெவேனாவின் முதுகைத் தடவிக்கொண்டுதான் கூண்டுக்குள் போயாக வேண்டும். நேராகச் சிறுநீரகத்தின் மேல்.

ராதோய்காவுக்கு இரண்டு மகன்கள். பசித்தால்தான் வாயைத் திறப்பார்கள். நெவேனா வந்த முதல் வாரமே, "அத்தை, இன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினாள். அந்தப் பெண்ணின் மேல் ராதோய்கா உயிரையே வைத்துவிட்டாள். ஒரு மாலை எல்லாரும் போனதும் வீட்டிலிருந்து கொண்டுவந்த பையைத் திறந்தாள். புருஷன் புதிமிரின் பச்சை ஸ்வெட்டர், நெஞ்சில் இரண்டு மான்கள். ஸ்டூல் போட்டு ஏறி, கூண்டுக்குள் மேலே இருந்த இழுப்பு வாயில் அதைச் சுருட்டி அடைத்தாள். விசிறி வழக்கம்போல உறுமிக்கொண்டுதான் இருந்தது. பெண்ணின் முதுகில் காற்று நின்றுபோயிற்று. பாதுகாப்புப் பொறுப்பாளர் என்ற முறையில் தான் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று அவளுக்கு அவ்வளவு திருப்தி.

வீட்டில் புதிமிர் ஸ்வெட்டரைத் தேடினான். போன ஞாயிறு வந்துபோன தம்பிதான் சுருட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, தம்பியோடு பேச்சை நிறுத்தினான். ராதோய்கா வாயே திறக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்திலேயே நெவேனாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது.

"காத்துதான் கண்ணு. எங்கயோ காத்து வருது" என்று ராதோய்கா ஜன்னல் இடுக்கில் துணி திணித்தாள். தலைவலி கூடியது. கதவடியில் கம்பளி போட்டாள். இன்னும் கூடியது. தன் கழுத்துச் சால்வையைக் கழற்றி அவளுக்குச் சுற்றிவிட்டாள். நெவேனா வாந்தி எடுத்தாள். இப்படியே இரண்டு வருடம்.

இந்தப் பிப்ரவரியில் ஒரு நாள் நெவேனா குடுவையை வைத்துவிட்டு, "மார்ச் கடைசியோட விட்டுட்டுப் போறேன் அத்தை" என்றாள்.

"எங்கடி போற? இன்னும் ரெண்டு மாசந்தானே பாக்கி?"

"கெமிஸ்ட்ரியே எனக்கு ஆகலைங்கறார் டாக்டர். மாமா கடையில கல்லாப்பெட்டில உக்காந்துக்கறேன். முடியல அத்தை."

ராதோய்கா அன்று குடுவை கழுவும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

மார்ச் இரண்டாம் வாரம் அரசாங்கத்தின் ஆய்வுக்கூடப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் வந்தாள். பெருனிகா என்று பெயர், முப்பது வயசிருக்கும், உதட்டில் சிரிப்பு கிடையாது. டீன், புரொபசர் ஸ்வெதோசார், பராமரிப்பு ஆள் மிலுன், மூவரும் பின்னாலேயே வந்தார்கள். உள்ளே வந்ததும் இன்ஸ்பெக்டர் சொன்ன முதல் வார்த்தை, "அந்தக் கதவைச் சாத்துங்க, காத்தடிக்குது." நல்ல பெண் என்று ராதோய்கா நினைத்துக்கொண்டாள்.

நல்ல பெண் கைப்பையிலிருந்து ஒரு மெல்லிய காகிதத் துண்டை எடுத்துக் கூண்டின் கண்ணாடிக் கதவடியில் பிடித்தாள். உள்பக்கமாகப் பறக்க வேண்டிய காகிதம் தூங்கி வழிந்தது. விசிறி மட்டும் உறுமியது.

"இது இழுக்கவே இல்ல. இதுக்கு முன்னாடி நின்னு வேலை பாக்கறது யாரு?"

நெவேனா கையைத் தூக்கினாள்.

"தலைவலி உண்டா?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா இந்தப் புகையைத்தான் சுவாசிச்சிட்டிருக்கீங்க."

ராதோய்கா மேலே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே மேலே பார்த்தாள்.

"யாரு பொறுப்பு?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"லேப் புரொபசரோடது" என்றார் டீன்.

"லேப் என்னுது. உத்தரவுல கையெழுத்து டீனோடது" என்றார் புரொபசர்.

"எனக்கு ஃபேன் சுத்தணும். சுத்துது பாருங்க" என்றான் மிலுன். "அது எதை இழுக்குதுங்கறது என் டிபார்ட்மெண்ட் இல்ல."

பிறகு மூவரும் ஒன்றாகத் திரும்பிக் கதவிலிருந்த பித்தளைப் பலகையைப் பார்த்தார்கள். அன்று காலை துடைத்தது, பளபளவென்று இருந்தது.

இன்ஸ்பெக்டர் சீல் வைக்கும் காகிதச் சுருளை வெளியே எடுத்தாள். "காரணம் தெரியாம நான் போக முடியாது. சீல் வெச்சிட்டா விசாரணைக் கமிஷன் உக்காரும். ஆறு மாசம் ஆகும்."

நெவேனா தன் மேசையில் இருந்த பேனாக்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பைக்குள் போட ஆரம்பித்தாள்.

"உள்ள ஒரு ஸ்வெட்டர் இருக்கு" என்றாள் ராதோய்கா.

"எதுக்குள்ள?"

"கூண்டுக்குள்ள. மேல. பச்சைக் கலரு, மான் போட்டது."

யாருக்கும் புரியவில்லை. ராதோய்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கையுறை மாட்டிய கையை மேலே விட்டு இழுத்தாள். வந்தது. பச்சை பழுப்பாகியிருந்தது, ஒரு மானுக்குத் தலை இல்லை. அதே நொடியில் கூண்டு ஒரு பெருமூச்சு விட்டு இழுக்க ஆரம்பிக்க, மேசையிலிருந்த காகிதங்களெல்லாம் நகர்ந்தன. அறையில் இருந்த அத்தனை பேரும், இன்ஸ்பெக்டர் உட்பட, சட்டைக் காலரை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார்கள்.

"நான்தான் அடைச்சேன். பொண்ணு முதுகுல காத்து அடிக்குதேன்னு அடைச்சேன்." ஸ்டூலின் மேல் நின்றபடியே நெவேனாவைப் பார்த்தாள். "உன்னைக் காப்பாத்தறேன்னு நெனச்சு நானே உனக்கு விஷம் வெச்சிருக்கேன் கண்ணு. திட்டணும்னா திட்டிடு."

நெவேனா திட்டவில்லை. பைக்குள் போட்ட பேனாக்களைத் திரும்ப எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு, "அப்ப எனக்குக் கெமிஸ்ட்ரி ஆகும்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் சீலை உள்ளே வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். ராதோய்காவுக்கு எழுத்துமூல எச்சரிக்கை. டீன் முகம் மலர்ந்தார். புரொபசர் ஸ்வெதோசாருக்கும் ஒன்று. "ரெண்டு வருஷமா கூண்டை நீங்க ஒரு தடவையாவது சோதிச்சுப் பாத்தீங்களா?" மிலுனுக்கு ஒன்று. கடைசியாக டீனுக்கும் ஒன்று நீட்டினாள். "கதவுல ஒருத்தர் பேரு இருந்தா மத்தவங்க தூங்கலாம்னு சட்டத்துல எங்கயும் இல்ல சார்." நான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள், ராதோய்கா மட்டும்தான் படித்துவிட்டுப் போட்டாள்.

அன்று வீட்டுக்குப் போய்ப் புதிமிரிடமும் உண்மையைச் சொன்னாள். அவன் ஸ்வெட்டருக்காக வருத்தப்படவில்லை, தம்பியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமே என்றுதான் நொந்துகொண்டான்.

ஐந்தாம் நாள் நெவேனாவின் தலைவலி நின்றது. அதே ஐந்தாம் நாள் காலை ராதோய்காவின் கழுத்து பிடித்துக்கொண்டது. தலை இடது பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிட்டது.

"நான்தான் சொன்னேனே, காத்துன்னு" என்றாள் அவள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

நெவேனா ரக்கியாவில் நனைத்த துணியை அவள் கழுத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆறாம் நம்பர் அறிவிப்பு. லேப்ல ரக்கியா கூடாது" என்றாள் ராதோய்கா.

"குடிக்கத்தான் கூடாதுன்னு போட்டிருக்கு அத்தை. ஆடாம இருங்க."

"கூண்டு ஓடுதா?"

"ஓடுது."

"ஓடட்டும். அந்த விபத்து நோட்டை எடு."

ஒன்பது வருடமாக ஒரு வரி ஏறாத நோட்டு அது. ராதோய்கா சொல்லச் சொல்ல நெவேனா எழுதினாள். காயமடைந்தவர்: ராதோய்கா. காயம்: கழுத்து. காரணம்: கூண்டு சரியாக வேலை செய்கிறது. கீழே பொறுப்பாளர் கையெழுத்து போட வேண்டும். தலை திரும்பாததால் நெவேனா நோட்டை இடது பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், ராதோய்கா முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.