பூசணி போட்ட கை

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அதை நம்பிப் பூசணி போட்டால் என்ன கிடைக்கும் என்று என்னைக் கேளுங்கள். கொடி கிடைக்கும். முறம் அகலத்துக்கு இலை கிடைக்கும். காய் மட்டும் கிடைக்காது. எந்த ஊர் மழையைப் பார்த்து யார் சொன்னதோ, எங்கள் முன்னோர் கப்பலேறும்போது அந்தப் பழமொழியையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

தொண்ணூற்று நாலில் தெரணியகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நான் அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனேன். வீட்டில் கணவர், அவருடைய அம்மா, நான் என மூன்றே பேர். அத்தை முப்பது வயதிலேயே தாலியறுத்தவர். பால்வெட்டில் அவர் கைக்கு ஈடு கிடையாது. மரத்துக்குக் காயம் படாமல் பட்டையைச் சீவுவார். ஆனால் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, அன்றைக்கு வேலையும் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் அடுப்பில் ஏற்ற, ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்துக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில்தான் ஏதாவது இருக்க வேண்டும். பூசணி என்றால் மாதக்கணக்கில் மூலையில் கிடந்தாலும் கெடாது. அந்த ஆடிப் பதினெட்டில் அத்தை விதையைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். தாலியறுத்தவர் விதை போடக் கூடாது என்பது லயத்தில் எழுதாத சட்டம். "நீ போடு. புதுப் பொண்ணு கை, நல்லா காய்க்கும்" என்றார்.

கொடி ஓடியது, பூத்தது. புரட்டாசிக் கடைசியில் பிடித்த மழை விடவே இல்லை. பிஞ்செல்லாம் மஞ்சளாகி அழுகி விழுந்தது. அதே வாரம் எனக்கு வயிற்றில் இருந்த மூன்று மாதக் கருவும் தங்காமல் போனது. அத்தை கஷாயம் வைத்துக் கொடுத்தார், என் துணிகளைத் துவைத்துப் போட்டார். அடுத்த ஆடியில் விதையோடு என்னைத் தாண்டிப் போய், பக்கத்துக் காம்பராவில் நாலு பிள்ளை பெற்ற அக்காவைக் கூட்டி வந்து போடச் சொன்னார். நான் தண்ணீர் வாளியோடு நின்றேன். அந்த அக்கா போட்டதும் அழுகித்தான் போனது. "பக்கத்துல யாரு நின்னாங்களோ" என்று அத்தை கொடியைப் பார்த்துச் சொன்னார். யார் நின்றது என்று லயத்துக்கே தெரியும்.

கிராமத்திலிருந்து கீரை விற்க வரும் சிங்கள அக்காவிடம் ஒருநாள் இதைக் கொட்டித் தீர்த்தேன். "பிஸ்ஸுத நங்கி?" என்று சிரித்தார். பைத்தியமா தங்கச்சி என்றுதான் கேட்டார், ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. ஆடியில் போட்டால் பெருமழையில் பூக்கும், பூவுக்குள் தண்ணீர் நின்றால் வண்டு எப்படி வரும், கார்த்திகைக் கடைசியில் மழை ஓயும்போது போடு, ரப்பர் மரம் இலை கொட்டி வெயில் கீழே இறங்கும் நேரத்தில் கொடி பூக்கும் என்றார். அவர் சொன்னதில் கைராசி என்ற பேச்சே இல்லை.

யாருக்கும் சொல்லாமல் அந்தக் கார்த்திகையில் ஓடையோரம் நாலு விதை போட்டேன். உள்ளுக்குள் பயம்தான். இதுவும் அழுகியிருந்தால் லயம் சொல்வது சரி என்று நானே நம்பியிருப்பேன். தை மாதம் மரங்கள் மொட்டையாயின. விடிந்ததும் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கப் போகும் வழியில், ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தடவிவிட்டுப் போவேன். மாசிக்குள் ஒன்பது காய் நின்றது.

அத்தை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். குனிந்து ஒவ்வொரு காயாகத் தட்டிப் பார்த்தார்.

"யாரு போட்டது?"

"நான்தான் அத்தை. கார்த்திகையில போட்டேன்."

அன்று சாயந்தரம் பக்கத்துக் காம்பராவில் அவர் பேசியது சுவர் வழியாக எனக்குக் கேட்டது. "எம் மருமக கையப் பத்தி லயம் பூரா சொல்லி வச்சுட்டேன்டி. மாசந்தான் தப்பு, அவ கை இல்ல." எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அதை என்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த கார்த்திகையில் நாலு பேர் பார்க்க விதையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அவரைக் கொஞ்சம் நோகடிக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன், அதையும் மறைப்பானேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"மாசந்தான் காரணம்னா நீங்க போட்டாலும் காய்க்கணும்ல அத்தை? நீங்களே போடுங்க."

பக்கத்துக் காம்பரா அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். எத்தனையோ ஆயிரம் மரத்தைச் சீவிய கை விதையோடு அந்தக் குழிக்கு மேல் நின்றது. நான் அசையவில்லை. கடைசியில் விதையைப் போட்டு மண்ணைத் தள்ளினார்.

அத்தை இப்போது இல்லை. நாங்களும் வரக்காப்பொலப் பக்கம் வந்துவிட்டோம். பூசணி எப்போது போடலாம் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் கார்த்திகைக் கடைசி என்கிறேன். யார் கையால் போடுவது என்று கேட்பவர்களுக்கு மட்டும், தான் போட்ட கொடியில் முதல் காயை அறுத்த அன்று அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு சொன்னதைச் சொல்கிறேன்: "இருவது வருசமா சும்மா வேடிக்கை பார்த்துட்டு நின்னுருக்கேனே."