வெயிலுக்கும் குடை பிடிக்கலாம்

பர்மாவில், மோல்மீனில் என்னோடு படித்து இன்னும் அங்கேயே இருக்கும் நீங்கள் இதைப் படித்தால் சிரிப்பீர்கள். இங்கே, மதுரைக்கு வடகிழக்கே திருவாதவூரில், வெயிலுக்கு யாரும் குடையை விரிப்பதில்லை. உச்சி வெயில் மண்டையைப் பிளந்தாலும் ஆண்கள் கறுப்புக் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டே சந்தைக்குப் போய் வருகிறார்கள். வந்த புதிதில், "விரிச்சுப் பிடிக்கலாமே" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மழையா பெய்யுது?" என்றார். கேலி என்று நினைத்தேன். மனிதர் நிஜமாகவே கேட்டிருக்கிறார்.

பர்மாவில் காய்கறிக்காரி முதல் புத்த பிக்கு வரை யார் குடையில்லாமல் தெருவில் இறங்குகிறார்கள்? வெயிலுக்கு ஆகுமென்று தனக்கா மரக்கட்டையைச் சந்தனம் போல இழைத்துக் கன்னத்தில் அப்பிக்கொள்ளாமல் நாம் பள்ளிக்கூடம் போனதுண்டா? கல்யாணமாகிக் கப்பலேறியபோது அம்மா கொடுத்த மூங்கில் கம்பிக் குடை இங்கே வந்ததும் பரணுக்குப் போய்விட்டது. குடை பிடிக்கிற மருமகளை ஊர் என்ன பேசுமோ என்று எனக்குப் பயம்.

பிறகு தங்கம் பிறந்தாள். பால் போன்ற தோல், முடியும் புருவமும்கூட வெளுப்பு. எங்களோடு இருக்கும் என் நாத்தனார் செல்லத்தாயி பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நிறம் பத்தல, அம்புட்டுதான். எண்ணெயத் தேச்சு வெயில்ல போட்டா தானா ஏறும்" என்றாள். இங்கே எல்லாப் பிள்ளைகளையும் எண்ணெய் தேய்த்து இளவெயிலில் சற்று நேரம் கிடத்துவது வழக்கம். என் பிள்ளைக்கு நிறம் ஏற வேண்டுமென்று ஆசையாக உச்சிவேளை வரைக்கும் கிடத்திவிட்டாள். சாயங்காலம் முதுகெல்லாம் கொப்புளம். அழுத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்தேன். செல்லத்தாயி அன்று சோறு தின்னவில்லை.

மதுரை ஆஸ்பத்திரி டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "இது பிறவியிலேயே இப்படித்தாம்மா, நிறம் ஏறாது. இந்தத் தோலுக்கு வெயில் ஆகாது. வருஷக்கணக்கா வெயில் பட்டா ஆறாத புண்ணு வரும். அது புற்றாவும் மாறலாம். இப்ப இருந்தே மூடிப் பழக்கிட்டா பயமில்லை." திரும்பும் வழியெல்லாம் அழுதேன். ஆனால் 'பயமில்லை' என்ற கடைசிச் சொல்லை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அன்றே குடை பரணிலிருந்து இறங்கியது. முழுக்கைச் சட்டை, தலைக்குத் துணி, வாசலில் கால் வைக்குமுன் குடை. தங்கத்துக்கு அது பல் விளக்குவது மாதிரி பழகிவிட்டது. ஊர்தான் பழகவில்லை. "துரைசாணி வாராக" என்று சிரித்தார்கள். "நாலு பேரு சிரிக்கிறாகளே" என்று செல்லத்தாயியும் முணுமுணுப்பாள்.

தங்கத்துக்கு ஆறு வயதானபோது வைகாசித் திருவிழா வந்தது. பட்டப்பகலில் சாமி எங்கள் தெருவுக்கு எழுந்தருளினார். சாமிக்கு முன்னால் யாரும் குடை பிடிக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். தெருவில் மருந்துக்கும் நிழல் கிடையாது. தங்கம் குடையோடு நின்றாள். ஊர்ப் பெரியவர் ஒருவர் அருகில் வந்து, "சாமி வருது, கொடைய மடக்குத்தா" என்றார். பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். இன்று ஊருக்காக மடக்கினால் நாளைக்கும் மடக்குவாள், பிறகு குடையே வேண்டாம் என்பாள். அது தெரிந்தும் 'மடக்காதே' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பின்னாலிருந்து செல்லத்தாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணே, சாமிக்கு மேலயும் கொடை பிடிச்சுத்தான கொண்டு வாராக? கல்லுக்கும் செம்புக்குமே வெயில் ஆகாதுன்னா, எம் மருமகளுக்கு மட்டும் ஆகுமா?"

பெரியவர் சாமியின் குடையைப் பார்த்தார், தங்கத்தின் குடையைப் பார்த்தார். "சரி, ஓரமா நிக்கட்டும்" என்று நகர்ந்துவிட்டார். தங்கம் ஒரு கையால் குடையைப் பிடித்து மறுகையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் சாமியைக் கும்பிட மறந்து என் நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குடையின் துணி இப்போது நைந்துவிட்டது. போன வாரம் செல்லத்தாயி தன் சுங்குடிச் சேலையைக் கிழித்து இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்துக் கொடுத்தாள். கம்பி மோல்மீன் மூங்கில், துணி மதுரைச் சுங்குடி. காலையில் தங்கம் பள்ளிக்கூடத்துக்கு வரப்பில் போகும்போது, வாசலில் நின்று பார்த்தால் அவள் தெரிவதில்லை. என் இரண்டு ஊரும் ஒன்றாகச் சேர்ந்து, வெயிலில் நடந்து போவதுதான் தெரிகிறது.