மடியில் இருந்த கறுப்புப் பை

எங்கள் பக்கத்து பஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. இடம் கிடைத்து உட்கார்ந்தவர், நிற்பவரின் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். யார் எவர் என்று கேட்பதில்லை. மடவளையிலிருந்து கண்டிக்குப் படிப்பிக்கப் போய்வந்த எனக்கு ஒருநாளும் மடி சும்மா இருந்ததில்லை.

ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு, அபாயா போட்ட என்னிடம் யாரும் பை தரவில்லை. என் பக்கத்து இருக்கை காலியாகக் கிடக்க, நின்றுகொண்டே வந்தார்கள். நான் நின்ற நாட்களில் என் பைக்கு ஒரு கையும் நீளவில்லை. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பிள்ளைகளின் கொப்பிகளைத்தானே சுமக்கிறேன்!

"பேக்க தொறந்து காட்டிக்கிட்டே ஏறுங்களேன் மகள்," என்றார் உம்மா. கிண்டல் பாதி, பயம் பாதி.

பிறகு பெற்றோல் வரிசை வந்தது, காஸ் வரிசை வந்தது. ஏச எல்லோருக்கும் பொதுவாக ஆட்சியாளர்கள் கிடைத்ததும் என்னை மறந்துவிட்டார்கள். பஸ்கள் குறைந்து கூட்டம் பிதுங்கியது. ஒரு காலை, சிங்களப் பெண்ணொருத்தி கேட்காமலே தன் கறுப்புப் பையை என் மடியில் வைத்தாள். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

வழியில் கட்டுகஸ்தோட்டையில் நெரிசலோடு நெரிசலாக அவள் இறங்கினாள், பையை மறந்துவிட்டு. நான் கவனிப்பதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது.

'இது என்னுடையதல்ல' என்று சொன்னால் போதும். வாய் வரவில்லை. அபாயா போட்ட ஒருத்தியின் மடியில் ஆளில்லாத பை. அதைக் கேட்டு இந்த பஸ் என்ன செய்யும்? கண்டியில் எல்லோரும் இறங்கியபின் கொண்டக்டர் பையைப் பார்த்தார்.

"டீச்சரோடதா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஆமாம்" என்று பொய் சொல்லி இறங்கினேன்.

அடுத்த பஸ் வரும்வரை முக்கால் மணி நேரம் நிலையத்திலேயே நின்றேன். பெயர், தொலைபேசி எண் ஏதாவது உள்ளே இருந்திருக்கும். திறக்கவில்லை.

அவள் அடுத்த பஸ்ஸிலேயே ஓடிவந்தாள். "உங்ககிட்டத்தானே இருக்குன்னு பயப்படாம வந்தேன்," என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தாள். உள்ளே பார்க்கக்கூட இல்லை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குக் கை கடுத்தது. அந்த முக்கால் மணி நேரமும் அந்தப் பையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.