என் கூக்குரலுக்கு உருமி அடித்தார்கள்

என் கணவர் குத்துப்பட்டுத் துடித்தபோது சுற்றி நின்றவர்கள் எல்லாரும் நம்மைப் போன்ற முருக பக்தர்கள்தான். ஒருவர்கூட உதவிக்கு வரவில்லை. கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். அன்று முருகன் எங்களைக் கைவிடாத கதையைத்தான் சொல்லப்போகிறேன். சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் படியுங்கள்.

நாங்கள் பினாங்குத் தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். சில வருடங்களுக்கு முன், தைப்பூசத்தன்று காலையில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு இருவரும் பால்குடம் எடுத்துப் போனோம். வழியில் இரண்டு உருமி மேளக் கோஷ்டிகளுக்குள் தகராறு. யார் முன்னால் போவது என்று பையன்கள் வழியை அடைத்துக்கொண்டு முறைத்து நின்றார்கள். என் கணவருக்கு வாய் சும்மா இருக்காது. "தம்பி, பால்குடம் வருதுல்ல, கொஞ்சம் ஒதுங்குங்கப்பா" என்றார். ஒருவன் திரும்பினான். வயிற்றில் கத்தியைச் செருகி உருவிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்துவிட்டான்.

குடம் விழுந்தது. அவர் முட்டி போட்டு அலறினார். உடம்பு வெடவெடவென்று ஆடியது. இடுப்பில் கட்டியிருந்தது சிவப்புத் துண்டு, அதனால் ரத்தம் தெரியவில்லை. நான் "முருகா! முருகா!" என்று கத்தினேன். எனக்கு வேறு வார்த்தையே வரவில்லை.

அதுதான் வினையாகப் போனது. புருஷன் நடுங்குகிறார், பெண்டாட்டி முருகா என்கிறாள். இரண்டு பேருக்கும் அருள் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். கூட்டம் "வேல் வேல்" என்று முழங்கியது. உருமிக்காரர்கள் ஓடிவந்து எங்களைச் சுற்றி நின்று அடித்தார்கள். நான் கத்தக் கத்த இன்னும் ஓங்கி அடித்தார்கள். ஓர் அம்மா என் நெற்றி நிறையத் திருநீற்றை அப்பினார். "குத்திட்டான்! கத்தியால குத்திட்டான்!" என்று நான் அலறியது என் காதுக்கே கேட்கவில்லை. விழுந்துவிடுவேன் என்று இரண்டு பெண்கள் என் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"சாமி ஆடட்டும், தூக்கி விடுங்க" என்றார் ஒருவர். அக்குளில் கைகொடுத்து என் கணவரைத் தூக்கி நிறுத்தினார்கள். தூக்கியதும் ரத்தம் தொடை வழியே இறங்கிக் கீழே கொட்டிக்கிடந்த பாலில் கலந்தது. குங்குமம் கரைந்த பால் என்று ஒரு பெண் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முருகன்மீதே வந்தது. "உனக்குக் கண் இல்லையா? இத்தனை பேரில் ஒருத்தருக்காவது அறிவு வேண்டாமா? யாரையாவது அனுப்புடா!" என்று மனத்துக்குள் திட்டினேன். அதுதான் என் பிரார்த்தனை.

வந்தவன் சேகர். எங்கள் மாடியிலேயே இருப்பவன், லோரி ஓட்டுகிறவன். சாமியும் இல்லை, பூதமும் இல்லை என்று, நெற்றியில் திருநீறுகூட இல்லாமல், பேசித் திரிகிற ஆள். என்னைக் கண்டாலே "என்னக்கா, உங்க முருகன் சௌக்கியமா?" என்று வம்புக்கு இழுப்பான். மனைவி வீட்டார் அங்கே வழியோரம் போட்டிருந்த தண்ணீர்ப் பந்தலில் அன்று ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான். அருளில் நம்பிக்கை இல்லாததால் அவன் கண்ணுக்குச் சாமி தெரியவில்லை. வலியில் துடிக்கிற மனிதர்தான் தெரிந்தார்.

உருமிக்காரனைத் தள்ளிவிட்டு, என் கணவரைப் பிடித்திருந்தவன் முகத்தில் ஒரு குத்து விட்டான். அவரைப் படுக்கவைத்துக் காயத்தை உள்ளங்கையால் அழுத்தினான். "சாமிய அடிக்கிறான்டா!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான், சேகரை மிதித்தார்கள். முதுகில், விலாவில், தலையில். ஒருவன் தேங்காயால் மண்டையில் அடித்தான். சேகர் திருப்பி அடிக்கவில்லை. அடிக்க வேண்டுமென்றால் காயத்திலிருந்து கையை எடுக்க வேண்டும். என் கணவர்மேல் கவிழ்ந்து கிடந்து, உடைந்த வாயோடு, "ரத்தம்டா, நாய்ங்களா, ரத்தம்! ஆம்புலன்ஸ கூப்புடுங்க லா!" என்று கத்திக்கொண்டே இருந்தான். மிதித்தவன் ஒருவன் அந்த ரத்தத்தில் வழுக்கி விழுந்து, சிவந்துபோன தன் கையைப் பார்த்தான். அப்புறம்தான் உருமி நின்றது.

என் கணவர் பிழைத்தார். அழுத்திப் பிடித்த கைதான் உயிரைக் காப்பாற்றியது என்று டாக்டர் சொன்னார். சேகர் விலா எலும்பு முறிந்து அதே ஆஸ்பத்திரியில் கிடந்தான். நான் அழுதுகொண்டே அவன் கட்டிலுக்குப் போனேன்.

"தம்பி, முருகன்தான் ஒன்ன அனுப்பிச்சாரு."

அவன் சிரிக்கப் பார்த்தான், வலியில் முகம் கோணியது. "அப்ப என்ன மிதிச்சவனுங்கள யாரு அனுப்பிச்சாக்கா?"

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "ஒனக்குத்தான் சாமியே கெடையாதே. பின்ன ஏன்டா உயிர விடப் பாத்த?"

"அண்ணே கத்துனாரு. வந்தேன். இதுக்கு சாமி எதுக்கு லா?"

தெய்வபயம் இல்லாதவனுக்கு இரக்கம் இருக்காது என்று அதுவரை அடித்துப் பேசியவள் நான். இப்போது பேசுவதில்லை. இரக்கப்பட அவனுக்கு முருகன் தேவைப்படவில்லை. அவனை நினைத்து அழுது நன்றி சொல்ல எனக்கு முருகன் வேண்டும். கிருத்திகைதோறும் அவன் பெயரில் அர்ச்சனை செய்கிறேன். நட்சத்திரம் கேட்டால் லோரி நம்பரைச் சொல்கிறான்.

என் கணவர் இப்போது தைப்பூசத்தில், அருள் வந்து ஆடுகிறவர்கள் காதருகே குனிந்து, "எங்கயாச்சும் வலிக்குதாப்பா?" என்று முதலில் கேட்கிறார். சிலர் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

ஆபத்தில் முருகனைக் கூப்பிடுங்கள். சண்டை போட்டாவது கூப்பிடுங்கள். என் குரல் கேட்டவனுக்கு உங்கள் குரலும் கேட்கும். ஆனால் உதவிக்கு வருகிறவனின் நெற்றி வெறும் நெற்றியாக இருந்தால், தயவுசெய்து அவனை மிதிக்காதீர்கள்.