விருந்துக்குப் போன ஸ்ட்ரிப்

ரஹமத் பீவி அக்காவின் வீட்டுக்காரர் தஸ்தகீரை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. போச்சம்பள்ளியில் மாங்காய் மண்டி வைத்திருந்தார். வீடு தேடி வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டார். நல்ல மனிதர்தான், ஊருக்கு.

அக்காவுக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் ஊசி போட்டும் அடிக்கடி மயங்கி விழுவாள். தொண்ணூற்றாறில் குவைத்திலிருந்து வந்த அவள் தம்பி ஒரு மிஷின் கொடுத்தான். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்தால் சர்க்கரை எவ்வளவு என்று மிஷினில் எண் தெரியும். அதைப் பார்த்து மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் எங்கள் ஊர் டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தார். மயக்கம் நின்றது. பக்கத்து வீட்டுக்காரி நான். அவள் வாய்விட்டுச் சிரித்து அப்போதுதான் கேட்டேன்.

ஒரு ஸ்ட்ரிப் ஒரு தடவைக்குத்தான். கிருஷ்ணகிரியில் எந்தக் கடையிலும் கிடைக்காது. தெரிந்தும் தஸ்தகீர், மாங்காய் பிடிக்க பெங்களூரிலிருந்து வந்த வியாபாரிகளுக்கெல்லாம் பிரியாணி போட்டுவிட்டு மிஷினைத் தூக்கி வந்தார்.

"கைய நீட்டுங்க பாய், ஃபாரின் மிஷினு!"

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. ஒருவனுக்கும் நோயில்லை. வேடிக்கைக்கு விரலை நீட்டினார்கள்.

"போதுங்க" என்றாள் அக்கா, கதவுக்குப் பின்னாலிருந்து.

"வந்தவங்க முன்னாடி என் மானத்த வாங்காத" என்றார்.

ஸ்ட்ரிப் டப்பா காலியானது. அன்றைய விருந்தில் அவளுக்கு மிஞ்சியது அரை வயிற்றுச் சோறு. மறுநாள் காலையில் சர்க்கரை எவ்வளவு என்று தெரியாமலே வழக்கமான ஊசியைப் போட்டவள், அடுப்படியில் சரிந்தாள். சர்க்கரை ஏறியதா, இறங்கியதா? யாருக்குத் தெரியும்! அந்த மனிதர் காலி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். நான்தான் ஆட்டோ பிடித்து டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். குளுக்கோஸ் ஏற்றியபிறகே கண் திறந்தாள்.

விஷயம் கேள்விப்பட்ட தம்பி, குவைத்திலிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் புது டப்பா கொடுத்தனுப்பினான். அது வந்த வாரமே இன்னொரு வியாபாரி, பிரியாணி தின்ற கையைக் கழுவிவிட்டு விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பட்டும் புத்தி வரவில்லை தஸ்தகீருக்கு.

"ரஹமத், அந்த மிஷின எடுத்தா" என்று குரல் கொடுத்தார்.

அக்கா கூடத்துக்கே வந்து நின்றாள். அந்நிய ஆண்கள் முன் அவள் வந்து நான் பார்த்ததேயில்லை.

"வந்தவங்களுக்குச் சோறு போடுங்க. என் உசுர எடுத்துப் போடாதீங்க."

வியாபாரி நீட்டிய விரலை மடக்கிக்கொண்டான்.